கல்லூரியில் மதம் சாராத மாணவர் வட்டம்: முதல் சந்திப்பிலிருந்து அடுத்த அணியிடம் ஒப்படைப்பது வரை

ஜூலையில் வகுப்பு தொடங்கும். ஆகஸ்டில் நாலு பேர் டீக்கடையில் உட்கார்ந்து, நம் கல்லூரியிலும் ஒரு பகுத்தறிவு மன்றம் வேண்டும் என்று பேசுவார்கள். செப்டம்பர் 17 பெரியார் பிறந்தநாளுக்குப் பெரிய கூட்டம் என்று முடிவாகும், சுவரொட்டியும் தயாராகும். அனுமதி கிடைக்காது. கிடைத்தாலும் கூட்டம் நடந்து, கைதட்டல் வாங்கி, அடுத்த வாரம் இன்டர்னல் தேர்வு வந்ததும் எல்லாரும் கலைந்துபோவார்கள்.

ஓர் அரசுக் கல்லூரியிலும் பிறகு ஒரு பல்கலைக்கழகத்திலுமாக ஆறேழு ஆண்டுகள் இந்த வேலையில் இருந்தேன். எதிர்ப்பால் மூடப்பட்ட வட்டங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்து, தானாகப் படுத்துவிட்டவைதான் அதிகம். அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். தமிழ்நாட்டுக் கல்லூரிச் சூழலை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் உங்கள் கல்லூரியின் மாணவர் விதிப் புத்தகம். சேர்க்கையன்று கொடுத்திருப்பார்கள், யாரும் படித்திருக்க மாட்டார்கள். அதில் மூன்று இடங்களைத் தேடுங்கள்: மாணவர் மன்றம் தொடங்கும் முறை, வெளியாள் பேச அழைக்கும் முறை, கல்லூரியின் பெயரையும் சின்னத்தையும் பயன்படுத்தும் விதி.

மூன்றாவதைத்தான் எல்லாரும் தாண்டிப் போகிறார்கள். சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதம் நிர்வாகம் நீக்கியது. பெயரில்லாத ஒரு புகார் மத்திய அமைச்சகம் வழியாக வந்ததில் அது தொடங்கியது. நிறுவனத்தின் பெயரை அனுமதியில்லாமல் பயன்படுத்தக் கூடாது என்ற விதியைத்தான் நிர்வாகம் எடுத்துக் காட்டியது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்து ஜூனில் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. உங்களுக்காக நாடு திரளாது. ஆகவே அந்த விதியை எழுத்தெழுத்தாகப் படித்துவிடுங்கள்.

அடுத்தது சட்டத்தில் மூன்று வரி. அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராய்ந்து கேட்கும் உணர்வு ஆகியவற்றை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசமைப்பின் 51ஏ(எச்) பிரிவு. மனச்சான்றின் சுதந்திரம் 25ஆம் பிரிவில் இருக்கிறது. மத உணர்வைப் புண்படுத்தும் உள்நோக்கத்தோடு இழிவுபடுத்துவது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். பழைய தண்டனைச் சட்டத்தில் இதுவே 295ஏ. முதல் இரண்டும் அனுமதிக் கடிதத்துக்கு உதவும். மூன்றாவது, சுவரொட்டி எழுதப்போகிறவருக்கு.

இந்தக் கட்டத்தில் வேறெதுவும் வேண்டாம். சின்னம், சட்டை, இன்ஸ்டாகிராம் பக்கம் எல்லாம் பொறுக்கலாம்.

2. ஐந்து பேர், நான்கு சந்திப்பு, பெயரில்லாமல்

ஐந்து பேர் போதும். ஆனால் அந்த ஐந்து பேரும் ஒரே துறை, ஒரே விடுதி அறை, ஒரே ஊர்க்காரர்களாக இருக்கக் கூடாது. நண்பர் குழுவாகத் தொடங்கினால் புதிதாக வருகிறவர் பத்து நிமிடத்தில் தன்னை விருந்தாளியாக உணர்ந்துவிடுவார். ஐவரில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். குறைந்தது ஒருவர் முதலாண்டாகவோ இரண்டாமாண்டாகவோ இருக்கட்டும். காரணம் கடைசிப் பிரிவில் வருகிறது.

பெயர் எதுவும் வைக்காமல் நான்கு வாரம் ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடத்தில் சந்தியுங்கள். நூலகத்துக்குப் பின்னால் உள்ள வேப்பமரத்தடி போதும். நான்கு வாரமும் ஐவரும் வந்தால் வட்டம் நடத்தலாம். மூன்றாம் வாரமே இருவர் "ரெக்கார்ட் எழுதணும்" என்று நழுவினால், இந்தப் பருவம் வேண்டாம். அடுத்த பருவம் பார்க்கலாம். பெரிய கூட்டம் அறிவித்த பிறகு இது தெரியவருவதைவிட இப்போதே தெரிவது நல்லது.

முதலாண்டு மாணவர்களைச் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை. அவர்களை மூத்த மாணவர் அறைக்கு வரச் சொல்லாதீர்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு ராகிங் தடுப்பு விதிகளுக்குப் பிறகு, சீனியர் கூப்பிட்டார் என்ற ஒரு வார்த்தை போதும், விசாரணை தொடங்கிவிடும். திறந்த இடம், பகல் நேரம், வர விருப்பமிருந்தால் மட்டும்.

3. பெயரும், ஒரு பக்க விதியும்

பெயர் வைப்பதில் இரண்டு வழுக்கல்கள் உண்டு. "நாத்திகர் பேரவை" என்று வைத்தால், சந்தேகத்தோடு இருப்பவர், சாமி கும்பிட்டாலும் கேள்வி கேட்கப் பிடிக்கிறவர், வீட்டுக்குத் தெரிந்தால் பிரச்சினை என்று பயப்படுகிறவர் மூவரும் வர மாட்டார்கள். உங்கள் கூட்டத்தில் பாதிப்பேர் இவர்களாகத்தான் இருப்பார்கள். மறுபக்கம், "அறிவியல் மன்றம்" என்று மறைத்து வைத்துவிட்டு உள்ளே கடவுள் மறுப்புப் பேசினால், ஏமாற்றி அழைத்தார்கள் என்ற பேர்தான் வரும். அதைத் துடைப்பது கஷ்டம்.

"பகுத்தறிவு" என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நிறம் இருக்கிறது. அதைப் பார்த்ததும் அலுவலகத்தில் "எந்தக் கட்சி தம்பி?" என்பார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருந்தால் அந்தச் சொல்லையே வையுங்கள். என் தேர்வு "படிப்பு வட்டம்" அல்லது "சிந்தனை வட்டம்" என்ற ஒன்று, கீழே சின்ன எழுத்தில் "மதம் சாராத மாணவர் அமைப்பு". உண்மையும் சொன்னதாகிறது, கதவும் திறந்திருக்கிறது.

விதி ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எங்களுடையதில் இருந்தவற்றில் வேலைக்கு ஆனவை இவைதான்: எந்த மதத்தவரும் மதமற்றவரும் உறுப்பினராகலாம். கருத்தை எவ்வளவும் கேள்வி கேட்கலாம், எதிரில் இருப்பவரைக் கிண்டல் செய்யக் கூடாது. உறுப்பினர் எந்தக் கட்சியிலும் இருக்கலாம், வட்டத்தின் பணமும் பதாகையும் எந்தக் கட்சிக்கும் போகாது. கடைசியாண்டு மாணவருக்குப் பொறுப்பு கிடையாது.

கட்சி விதியைத் தொடக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டும். வட்டம் கொஞ்சம் வளர்ந்ததும் ஏதாவது ஒரு மாணவர் அணியிலிருந்து அன்போடு வருவார்கள். பதாகை அடித்துத் தருகிறோம், சாப்பாடு பார்த்துக்கொள்கிறோம் என்பார்கள். அப்போது "எங்கள் விதியில் இல்லை அண்ணா" என்று காகிதத்தைக் காட்டினால் மனஸ்தாபம் இல்லாமல் முடியும். விதி இல்லையென்றால் அது தனிப்பட்ட மறுப்பாகிவிடும்.

கிண்டல் விதியைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வட்டத்துக்கு ஒரு கார்த்திகை மாதம் சபரிமலைக்கு மாலை போட்ட மாணவர் ஒருவர் வேட்டியும் துளசிமணியுமாக வந்தார். நாற்பத்தெட்டு நாளும் விடாமல் வந்தார். நல்ல வேளையாக யாரும் சிரிக்கவில்லை. இரண்டாண்டு கழித்து எங்கள் கணக்குப் புத்தகத்தை ஒழுங்காக வைத்திருந்தவர் அவர்தான். மலைக்குப் போவதை அப்போதும் நிறுத்தவில்லை. கையில் கயிறு, நெற்றியில் திருநீறு, கழுத்தில் சிலுவை, தலையில் முக்காடு எதையும் வாசலில் சோதிக்காதீர்கள்.

4. பொறுப்பாசிரியரும் அனுமதிக் கடிதமும்

பொறுப்பாசிரியர் இல்லாமல் அரங்கு கிடைக்காது. கறுப்புச் சட்டை போட்டுப் பேசும் ஆசிரியரைத்தான் எல்லாரும் தேடிப் போகிறார்கள். நான் வேறு மாதிரி தேடச் சொல்வேன். கையெழுத்துப் போட்ட பிறகு பின்வாங்காதவர், அலுவலகத்தில் மரியாதை உள்ளவர், முடிந்தால் மாணவர் நலன் குழுவில் ஏற்கெனவே இருப்பவர். அவர் கடவுள் நம்பிக்கை உள்ளவராக இருந்தாலும் பரவாயில்லை. எங்களுக்கு அமைந்த பேராசிரியர் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். "கேள்வி கேட்கிற பசங்க வேணும்ப்பா" என்று சொல்லி ஆறு பருவம் கையெழுத்துப் போட்டார்.

அனுமதிக் கடிதத்தில் இந்த வரிசையில் எழுதுங்கள்: நாள், தொடங்கும் நேரம், முடியும் நேரம், அரங்கு, தலைப்பு, பேச்சாளர் பெயரும் பணியும், எதிர்பார்க்கும் எண்ணிக்கை, வெளியிலிருந்து வருவோர், மைக் தேவையா, பொறுப்பாசிரியர் கையெழுத்து. ஏன் இவ்வளவு? ஒரு விவரம் விடுபட்டாலும் கோப்பு "விளக்கம் கேட்கவும்" என்று திரும்பிவரும். அதற்குள் நாள் கடந்துவிடும். முடியும் நேரம் குறிப்பாக முக்கியம். பெண்கள் விடுதி அடைக்கும் நேரத்துக்கு அரை மணி முன்னால் கூட்டம் முடியும் என்று அதிலிருந்து தெரிய வேண்டும்.

தலைப்பை நேர்மையாக, அமைதியாக எழுதுங்கள். "ஜோதிடம் ஒரு மோசடி" என்றால் கடிதம் மேசையிலேயே தூங்கும். "ஜாதகப் பலன் நமக்குப் பொருந்துவதுபோல் ஏன் தோன்றுகிறது? ஒரு செய்முறை" என்றால் கையெழுத்தாகும். உள்ளே நடப்பது ஒன்றேதான்.

பத்து வேலைநாள் முன்னதாகக் கொடுங்கள். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். புதியவர்கள் செய்யும் பெரிய தவறு வாய்மொழி அனுமதியை நம்புவது. "சரி நடத்துங்க" என்று சொன்னவரே, புகார் வந்த அன்று "எனக்குத் தெரியாதே" என்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு மேலேயும் ஒருவர் இருக்கிறார்.

அரசே கடைப்பிடிக்கும் நாள்களைப் பயன்படுத்துங்கள். பெரியார் பிறந்தநாள் செப்டம்பர் 17 சமூகநீதி நாளாகவும், அம்பேத்கர் பிறந்தநாள் ஏப்ரல் 14 சமத்துவ நாளாகவும் தமிழ்நாட்டில் கடைப்பிடிக்கப்படுகின்றன. பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். அன்று கல்லூரியே நிகழ்ச்சி தேடிக்கொண்டிருக்கும், நீங்கள் போய் நின்றால் உங்களைச் சேர்த்துக்கொள்வார்கள்.

5. வாரக் கூட்டம்தான் உயிர்

வாரக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் போதும். முதல் பத்து நிமிடம் சத்தமாக வாசிப்பு, பிறகு பேச்சு, கடைசி ஐந்து நிமிடம் அடுத்த வாரம் யார் நடத்துவது என்ற முடிவு. சத்தமாக வாசிப்பதற்குக் காரணம் உண்டு. முன்னதாகப் படித்து வரச் சொன்னால் யாரும் படிக்க மாட்டார்கள். படிக்காதவர் வெட்கப்பட்டு வராமலே இருந்துவிடுவார்.

நாலைந்து பக்கத்துக்கு மேல் எடுக்காதீர்கள். பகத்சிங் 1930இல் சிறையில் நாத்திகம் பற்றி எழுதிய கட்டுரை இரண்டு வாரத்துக்கு வரும். மணிமேகலையில் சமயக் கணக்கர் தம் திறம் கேட்ட காதையை எடுத்தால், வஞ்சி நகரில் பத்து வாதிகள் வரிசையாகத் தங்கள் கொள்கையைச் சொல்வார்கள். கடைசியில் வரும் பூதவாதி, இந்தப் பிறப்பில் காண்பதைத் தவிர வேறில்லை என்பான். ஆளுக்கொரு வாதியை எடுத்துப் பேசச் சொல்லுங்கள், தமிழ்த்துறை மாணவர்கள் தாமாக வந்துவிடுவார்கள். சிவவாக்கியர் பாடல்கள் ஒரு வாரம் வையுங்கள். பக்தியுள்ளவர்களும் பக்தியில்லாதவர்களும் ஒரே பாட்டுக்குத் தலையாட்டும் அதிசயத்தைப் பார்க்கலாம்.

தமிழில் பேசுங்கள். ஆங்கில வழியில் படித்து வந்த இருவர் ஆங்கிலத்தில் தொடங்கினால், மீதிப்பேர் அன்று முழுக்க வாய் திறக்க மாட்டார்கள். வெளிமாநில மாணவர் இருந்தால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து மொழிபெயர்த்துச் சொல்லட்டும்.

யார் நாற்காலி போடுகிறார், யார் டீ வாங்கி வருகிறார், யார் கடைசியில் டம்ளர் பொறுக்குகிறார் என்று ஒரு மாதம் கவனியுங்கள். அதே இருவர் என்றால் உடனே முறை போடுங்கள். சாதியை ஒழிப்பது பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, டம்ளரை எப்போதும் குறிப்பிட்ட சிலரே எடுக்கும் வட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது.

தேர்வு வாரத்தில் கூட்டத்தை ரத்து செய்யாதீர்கள், இருபது நிமிடமாகச் சுருக்குங்கள். ஒருமுறை ரத்தானால் அடுத்த முறை பாதிப்பேருக்கு மறந்துபோகும்.

6. முதல் பொது நிகழ்ச்சி: ஜாதக உறை

"கடவுள் உண்டா இல்லையா, பட்டிமன்றம் வைக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். ஒவ்வோர் ஆண்டும் சொல்வார்கள். ஒவ்வோர் ஆண்டும் மறுக்க வேண்டும். பட்டிமன்றத்துக்கு அணியும் நடுவரும் தீர்ப்பும் வேண்டும். வந்தவர் தன் அணிக்குக் கைதட்டிவிட்டுப் போவார். அப்புறம் யாரோ எடுத்த முப்பது நொடிக் காணொளி மட்டும் ஊரெல்லாம் சுற்றும்.

அதற்குப் பதில், அமெரிக்க உளவியலாளர் பெர்ட்ரம் ஃபோரர் 1948இல் தன் மாணவர்கள் 39 பேரிடம் செய்த சோதனையை அப்படியே செய்யலாம். ஆளுமைத் தேர்வு வைத்து, தனித்தனி முடிவு என்று சொல்லி, எல்லாருக்கும் ஒரே வாசகத்தைக் கொடுத்தார். பொருத்தத்துக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டதற்குச் சராசரி 4.26 வந்தது.

நம் ஊரில் செய்யும் முறை: ஒரு வாரம் முன்னால் விருப்பமுள்ளவர்களிடம் ராசி, நட்சத்திரம், பிறந்த நேரம் எழுதிய சீட்டு வாங்குங்கள். எல்லா உறையிலும் ஒரே பலனை அச்சிட்டு வையுங்கள். "வெளியே தைரியமாகத் தெரிந்தாலும் உள்ளுக்குள் சில தயக்கங்கள் உண்டு, நெருங்கியவர்கள் உங்கள் உழைப்பை முழுதாகப் புரிந்துகொள்ளவில்லை" என்கிற ரகத்தில் எட்டு வரி போதும். அரங்கில் பெயர் சொல்லி உறையைக் கொடுத்து, பேசாமல் படித்து, 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டுச் சீட்டை மடித்துத் தரச் சொல்லுங்கள். சராசரியைப் பலகையில் எழுதிய பிறகு, பக்கத்தில் இருப்பவரோடு உறையை மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள்.

வரிசை முக்கியம். மதிப்பெண்ணுக்கு முன்னால் யாராவது எட்டிப் பார்த்துவிட்டால் எல்லாம் போச்சு. அதனால் இருக்கைகளுக்கு நடுவே ஒரு இடம் விட்டு உட்கார வையுங்கள்.

இதை நான் முதலாவதாக வைப்பதற்குக் காரணம், இதில் யாரும் தனியாக முட்டாளாவதில்லை. ஏமாந்தவர்களில் வட்டத்தின் உறுப்பினர்களும் இருப்பார்கள். சிரிப்பு எல்லாருக்கும் பொது. முடிந்ததும் பிறந்த விவரச் சீட்டுகளை எல்லார் முன்னாலும் கிழித்துப் போடுங்கள்.

உள்ளூரில் சொல்லிக் காட்ட வானமும் இருக்கிறது. ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் ஒரு நாள் நண்பகலில் செங்குத்துக் கம்பத்தின் நிழல் மறையும். சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வரும், மற்ற ஊர்களில் தேதி மாறும். ஒரு குழாய்த்துண்டு இருந்தால் போதும். செலவே இல்லை.

7. நிகழ்ச்சி நாளன்று

அரங்கு ஊழியர் பழக்கத்தில் குத்துவிளக்கைக் கொண்டுவந்து வைத்துவிடுவார். எண்ணெய், திரி, தீப்பெட்டி எல்லாம் தயாராக இருக்கும். அன்று போய் எடுக்கச் சொன்னால் அவர் முகம் வாடும், சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். முந்தின நாளே அவரிடம் போய் "அண்ணா, நாளைக்கு விளக்கு வேண்டாம், மைக் மட்டும் போதும்" என்று சொல்லிவிடுங்கள். மறந்துவிட்டீர்களா? விளக்கு ஓரமாக இருந்துவிட்டுப் போகட்டும், நீங்கள் தொடங்குங்கள்.

தொடக்கம் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பர் முதல் அது மாநிலப் பாடல். "தமிழ்த்தாயும் தெய்வம்தானே, நாம் எப்படிப் பாடலாம்?" என்று ஒவ்வொரு அணியிலும் ஒருவர் கேட்பார். எழுந்து நின்று பாடிவிட்டு, வாரக் கூட்டத்தில் அதையே விவாதத்துக்கு எடுங்கள். நல்ல தலைப்பு.

பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள். வரவேற்புரை இரண்டு நிமிடம். பேச்சாளருக்கு 35 நிமிடம், கேள்விக்கு அதே அளவு. கேள்விகளைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். மைக்கைக் கையில் கொடுத்தால் கேள்வி கேட்காமல் சொற்பொழிவு ஆற்றுவார்கள். அதைவிட முக்கியம், வீட்டுக்குப் பயந்த பெண் ஒருவர் தன் கேள்வியைக் குரலைக் காட்டாமல் கேட்க முடியும்.

8. மந்திரமா தந்திரமா: செய்முறையில் கவனம்

சாமியார்கள் அற்புதம் என்று காட்டுவதை மேடையில் செய்துகாட்டி, காரணத்தை விளக்கும் நிகழ்ச்சிக்குத்தான் இந்தப் பெயர். கூட்டம் சேர்ப்பதில் இதற்கு ஈடு இல்லை. விபத்துக்கும் இதற்கு ஈடு இல்லை. ஆகவே எளிமையானதிலிருந்து தொடங்குங்கள். செம்பருத்திப் பூவைத் தேய்த்துக் காயவிட்ட கத்தியால் எலுமிச்சையை அறுத்தால் ரத்தம்போல் சிவப்பாக வடியும். பூவின் நிறமி அமிலத்தில் சிவக்கிறது, அவ்வளவுதான். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து ஆரத்தி சிவப்பதை வீட்டில் எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதை முதலில் காட்டிவிட்டு எலுமிச்சைக்குப் போனால் அவர்களே காரணத்தைக் கண்டுபிடிப்பார்கள்.

மந்திரத்தில் தீப்பற்றும் ஓமகுண்டத்தைத்தான் எல்லாரும் செய்ய ஆசைப்படுவார்கள். பொட்டாசியம் பெர்மாங்கனேட் பொடியில் கிளிசரினை நெய் என்று சொல்லி விட்டால் தானாகத் தீப்பிடிக்கும். ஆனால் உடனே பிடிக்காது. எங்கள் நிகழ்ச்சியில் ஏசி போட்ட அரங்கில் அரை நிமிடமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. நண்பர் குனிந்து பார்த்தார். சரியாக அப்போதுதான் பற்றியது. புருவம் கருகியதோடு போனது.

அதன் பிறகு நாங்கள் வைத்த விதி: அரங்கில் தீ கிடையாது. வேதியியல் துறை ஆசிரியர் பக்கத்தில் இருக்க, திறந்த வெளியில், இரும்புத் தட்டில், ஒரு தேக்கரண்டிக்கு மேல் இல்லாமல், மணல் வாளியோடு. விட்டதும் இரண்டடி பின்னால். பற்றவில்லை என்றாலும் கிட்டே போகக் கூடாது. நாக்கில் கற்பூரம், அலகு குத்துதல் வகையறா மாணவர் வட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். பயிற்சி பெற்றவர்களை அழைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்கு மாவட்டங்களில் கிளைகள் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

ஒரே மதத்தின் அற்புதங்களை மட்டும் காட்டாதீர்கள். விபூதி வரவழைப்பதோடு, சிலையில் கண்ணீர், தாயத்து, ஓதிய தண்ணீர் என்று எல்லா வாசலுக்கும் போய் வாருங்கள். "எங்களை மட்டும் ஏன்?" என்ற கேள்விக்கு அன்றே பதில் சொன்னதாகும்.

9. பணம்

வங்கிக் கணக்கு, சங்கப் பதிவு எதுவும் தேவையில்லை. கல்லூரிக்குள் இயங்கும் வட்டத்துக்கு அவை வேலையை மட்டும் கூட்டும். ஒரு நோட்டு, ஒரு பொருளாளர், ரசீதுகளுக்கு ஒரு உறை. மாதக் கடைசிக் கூட்டத்தில் வரவு செலவை வாசித்துக் காட்டுங்கள்.

பொருளாளரின் சொந்த யுபிஐ கணக்கில் பணம் வாங்கினால் அவருடைய பிரியாணியும் வட்டத்தின் பதாகையும் கலந்துவிடும். யாரும் திருடவில்லை என்றாலும் சந்தேகம் வரும். வாரம் பத்து ரூபாய் டப்பாவில் போடுகிற முறைதான் எங்களுக்கு ஒத்துவந்தது. அதற்கு யாரோ உண்டியல் என்று பெயர் வைத்தார்கள், கடைசிவரை அந்தப் பெயர் போகவில்லை. பேச்சாளருக்குப் பேருந்துச் செலவும் சாப்பாடும் கட்டாயம் கொடுங்கள். முன்கூட்டியே கேட்டு, உறையில் போட்டு.

10. யாருடைய முகம் வெளியே போகலாம்

உறுப்பினர் பட்டியல் ஒரே ஒரு நோட்டில், ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும். வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் எல்லாருக்கும் எண் தெரியும் என்பதைச் சேரும் முன்பே சொல்லுங்கள்.

படம் எடுப்பதற்கு முன், முகம் வர விரும்பாதவர்கள் இடப்பக்கம் உட்காரலாம் என்று அறிவியுங்கள். அந்தப் பக்கம் கேமரா திரும்பவே கூடாது. யார் ஏன் அங்கே உட்கார்ந்தார் என்று கேட்கக் கூடாது. இது மிகையாகத் தோன்றலாம். 2017 மார்ச்சில் கோயம்புத்தூரில் நாத்திகக் கருத்துகளை வெளிப்படையாகப் பகிர்ந்துவந்த இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், ஒரு படம் குடும்பக் குழுவில் போய்ச் சேர்ந்ததால் படிப்பு நின்றுபோகும் நிலைக்கு வந்த மாணவியை எனக்குத் தெரியும். அந்தப் படத்தை ஆசையாகப் பதிவிட்டவர் எங்களில் ஒருவர்.

இன்னொன்று. உறுப்பினரின் வீட்டில் சாவு விழுந்தால் போய் நில்லுங்கள், நாற்காலி தூக்குங்கள், காரியம் முடியும்வரை கூட இருங்கள். அவர் மொட்டை போட்டுக்கொண்டால் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதீர்கள்.

11. புகார் வந்தால்

வரும். முதல் வேலை, அன்று இரவு யாரும் எதையும் பதிவிடக் கூடாது. கோபத்தில் எழுதிய ஒரு வரி, அதுவரை இல்லாத புகாருக்கு ஆதாரமாகும்.

இரண்டாவது, புகாரை எழுத்தில் கேளுங்கள். எந்த விதி மீறப்பட்டது என்று பணிவாகக் கேளுங்கள். டீன் அறைக்கு இரண்டு பேர் போங்கள். ஒருவர் பேச, மற்றவர் குறிப்பெடுக்க. பத்துப் பேர் போனால் அது முற்றுகை. ஒருவர் மட்டும் போனால், உள்ளே என்ன பேசினார்கள் என்பதற்குச் சாட்சி இல்லை.

மூன்றாவது, பதிலை ஒரு பக்கத்தில் எழுதி, முத்திரை வாங்கிய அனுமதிக் கடிதத்தின் பிரதியை இணைத்து, பொறுப்பாசிரியர் வழியாகக் கொடுங்கள். நான்காம் பிரிவில் சொன்ன முத்திரை இங்கேதான் பயன்படும். தவறு உங்கள் பக்கம் இருந்தால், உதாரணமாகச் சுவரொட்டியில் சொல் தடித்திருந்தால், அதை மட்டும் ஒப்புக்கொண்டு திருத்திவிடுங்கள். முழுக்க மறுத்தால் முழுக்க விசாரிப்பார்கள்.

எழுத்தில் புகாரும் தர மாட்டார்கள், அனுமதியும் தர மாட்டார்கள் என்றால் சண்டைக்கு நிற்காமல் மரத்தடிக்குத் திரும்புங்கள். வாரக் கூட்டத்துக்கு அரங்கு தேவையில்லை. அடுத்த பருவம் மறுபடி கடிதம் கொடுங்கள்.

12. ஒப்படைப்பு

பெரும்பாலான வட்டங்கள் ஏப்ரலில் சாகின்றன. செய்முறைத் தேர்வு, பிரியாவிடை விழா, பருவத் தேர்வு, ஊருக்குப் பேருந்து. அடுத்து யார் என்று பேச நேரமே இருக்காது. ஆகவே பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் புதிய பொறுப்பாளர்களைத் தேர்ந்தெடுங்கள். பிப்ரவரி 28 நிகழ்ச்சியைப் புதியவர்களே நடத்தட்டும், பழையவர்கள் நாற்காலி போடட்டும். தவறு நடந்தால் திருத்திச் சொல்ல மூத்தவர்கள் இன்னும் வளாகத்தில் இருப்பார்கள். மூன்றாண்டுப் படிப்பில் இரண்டாமாண்டு மாணவரே செயலாளராக வேண்டும் என்பது இதனால்தான்.

ஒரு கோப்பில் இவை இருக்க வேண்டும்: எல்லா அனுமதிக் கடிதங்களின் பிரதி, கணக்கு நோட்டு, விதித்தாள், அரங்கு ஊழியர், காவலாளி, மைக் செட் அண்ணன் ஆகியோரின் எண்கள், மின்னஞ்சல் கடவுச்சொல், வந்துபோன பேச்சாளர்களைப் பற்றி ஓரிரு வரி. "நேரத்துக்கு வருவார், நேரத்துக்கு முடிக்க மாட்டார்" என்ற வகைக் குறிப்புகள்தான் பிற்பாடு அதிகம் உதவின.

வாட்ஸ்அப் குழுவில் பழைய நிர்வாகிகள் மார்ச் கடைசியில் நிர்வாகி உரிமையை விட்டுவிட வேண்டும். இதில் எல்லாருக்கும் கை நடுங்கும், எனக்கும் நடுங்கியது. விடாமல் வைத்திருந்த ஓராண்டு, புதிய செயலாளர் ஒவ்வொரு அறிவிப்புக்கும் எனக்குத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆகஸ்டில் அவரும் வருவதை நிறுத்திவிட்டார்.